ராஜா காலத்துச் செங்கல்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே கிடக்கும் சாலைக்குளத்தில், குளிர்காலம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவன் ஆனந்தகிருஷ்ணன்தான். அதற்கு முன்பு ஊரில் மழை இருந்தது, மழை விட்டால் மார்கழிப் பனி இருந்தது. பனி விழுந்தால் ஆண்கள் தோர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக் காதை மூடிக்கொள்வார்கள். பெண்கள் கருப்பட்டிக் காப்பியில் சுக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போடுவார்கள். அதோடு குளிர் விஷயம் முடிந்தது.

ஆனந்தகிருஷ்ணன் பதினொரு வருஷம் ஸ்காட்லாந்தில், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் கம்பெனியில் குழாய்களைச் சோதித்தவன். வேலையை விட்டு ஊர் திரும்பியபோது பெட்டியில் கொண்டுவந்ததைவிட வாயில் கொண்டுவந்தது அதிகம். "ஒரு வீடு வீடா இல்லையான்னு குளிர்காலத்துலதான் தெரியும்" என்பது அவனுடைய வேதவாக்கு. பால்காரனிடம் சொன்னான், பஞ்சாயத்து ஆபீசில் சொன்னான், பேங்க் மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் தூத்துக்குடிக்காரர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றார்.

அந்த வேதத்தின்படி வீடு எழும்பியது. சன்னல்களுக்குக் கம்பளிக் கனத்தில் திரைகள்; முதல் ஐப்பசியிலேயே பூஞ்சை பிடித்தன. தரையில் ரத்தினக் கம்பளம். மழைக்காலத்தில் நனைந்த ஆட்டு வாடை அடித்தது. வெளிச்சத்தை இரட்டிப்பாக்கச் சன்னல்களுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடிகள். வீட்டில் அவனும் மனைவி ஆதிராவும் இரண்டே பேர். எந்நேரமும் எட்டுப் பேர் நடமாடுவது போலிருக்கும். ஆதிரா தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கண்ணாடிக்குள் போகும் தன்னைத் தானே எண்ணிப் பார்த்து, சில சமயம் எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக வந்து, திரும்ப எண்ணுவாள். நாற்பத்திரண்டு பல்புகள். எல்லாம் மஞ்சள் வெளிச்சம். வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரிக்கானது என்று ஆனந்தகிருஷ்ணன் தள்ளிவிட்டான்.

இவற்றுக்கெல்லாம் மணிமுடி, கூடத்துத் தெற்குச் சுவரில் கட்டிய ஃபயர்பிளேஸ். ஊர் அதற்குச் சீமையடுப்பு என்று பெயர் வைத்தது.

கட்டியவர் ஞானதாசன் கொத்தனார். இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரர், பேச்சு குறைவு, வேலை சுத்தம். புதுச் செங்கல்லில் உயிர் இல்லை, நூறு வருஷமாவது வெயிலும் மழையும் தீயும் கண்ட கல் வேண்டும் என்று ஆனந்தகிருஷ்ணன் அவரிடம் ஒற்றைக்காலில் நின்றான்.

"ராஜா காலத்துக் கட்டடம் ஒண்ணு இடிக்காவ சாரே" என்றார் ஞானதாசன். "கல்லு இரும்பு மாதிரி இருக்கு. வேணும்னா சொல்லி வைக்கேன்."

ராஜா காலம் என்ற சொல்லோடு ஆனந்தகிருஷ்ணனின் காது நிறைந்துவிட்டது. மேற்கொண்டு எதையும் கேட்க அதில் இடமில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற யாரும் அந்தச் சுவரின் முன் நிறுத்தப்படாமல் தப்ப முடியாது.

"திருவிதாங்கூர் மகாராஜா காலத்துக் கல்லு. கடுக்காய்த் தண்ணியும் பதநீரும் சேத்து அரைச்ச சுண்ணாம்பு. ஏதோ அரண்மனையோ கச்சேரியோ இருந்த கட்டடம். கருப்பு படிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் அதுக்கு அழகு."

வந்தவர்கள் கருப்பைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒன்பது வருஷம் கோயிலும் ஊசியுமாக அலைந்த பிறகு, மார்கழி பிறந்த இரண்டாம் வாரம் ஆதிராவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆறு வாரம் முந்திக்கொண்டு வந்த பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மிச்சம். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இரண்டு கிலோவைத் தொட நூறு கிராம் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"பிள்ளை தன்னாலே சூடு உண்டாக்காது" என்றார் டாக்டரம்மா. "நீங்கதான் குடுக்கணும். அம்மா நெஞ்சுல போட்டுக்கணும், அப்பா நெஞ்சுலயும் போடலாம், சட்டை இல்லாம, தோலோட தோல் படணும். அறை கதகதப்பா, வெளிச்சமா இருக்கணும். உள்ளங்கால அடிக்கடி தொட்டுப் பாருங்க. கால் சில்லிட்டுதுன்னா ஒரு நிமிஷம் தாமசிக்காம கொண்டுவந்துரணும்."

ஆனந்தகிருஷ்ணனுக்கு அது மருத்துவக் குறிப்பாகத் தோன்றவில்லை, தன் வீட்டுக்குக் கிடைத்த விருதாகத் தோன்றியது. அறைக்கு ஒன்றாக ஆறு வெப்பமானி வாங்கி மாட்டினான். ஆனால் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை வாங்கு என்றால் மட்டும், "நான் தொட்டா நொறுங்கிரும்" என்று வெப்பமானியைப் பார்க்கப் போய்விடுவான். ஆதிராவின் விரலொன்று எந்நேரமும் பிள்ளையின் பாதத்தில் இருந்தது.

தாய் இல்லாத அவளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்தவள் அழகம்மை. ஆனந்தகிருஷ்ணனின் பெரியப்பா மகன் அனில்குமாரின் மனைவி, பின்வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், உள்ளி லேகியம் கிண்டுவாள், ஆதிராவுக்கு வேப்பிலைச் சூடுவெள்ளம் ஊற்றி இடுப்பு நாரியை அமுக்கிவிடுவாள். எல்லாவற்றையும் பின்கட்டிலேயே முடிப்பாள். கூடத்துக்கு மட்டும் வருவதில்லை.

சுவரின் சூட்டை முதலில் கண்டுபிடித்தது பூனை. மழைக்கு ஒதுங்கிய தெருப்பூனை ஒன்று, ரத்தினக் கம்பளத்தை மதிக்காமல் சீமையடுப்பின் அடிச்சுவரை ஒட்டி உறங்கியது. விரட்டப் போன ஆதிரா கை தவறிச் சுவரைத் தொட்டாள். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

அந்த அடுப்பில் அதுவரை ஒரு தீக்குச்சிகூட உரசியதில்லை. வெளியே ஒன்பது நாளாக வெயிலில்லை.

"தெர்மல் மாஸ்" என்றான் ஆனந்தகிருஷ்ணன். "பழைய கல்லு சூட்டைச் சேமிச்சு வைக்கும். வெயில் காலத்துச் சூடா இருக்கும்."

"சித்திரை வெயிலா? இது மார்கழி கடைசி."

"நீ கணக்கு டீச்சர். இது பிசிக்ஸ்."

கணக்கு டீச்சர் அவன் போன பிறகு உள்ளங்கையால் சுவரை அளந்தாள். சூடு எல்லா இடத்திலும் இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம். நீளத்தில் அஞ்சரை அடி. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழைநாள் சுவருக்குரிய ஈரக் குளிர். நடுவே மட்டும், யாரோ அதன் மேல் சாய்ந்து படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல.

பிள்ளையைப் பார்க்க ஊர் வந்தது. கிரைப்வாட்டர், சோப்புப் பெட்டி, சட்டைத்துணியோடு வந்தது. பிள்ளையின் மூக்கு யாருடையது என்று வாக்குவாதம் செய்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது, ஒன்றைத் தவிர. எழுந்து போகிறபோது ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புவது என்பது அரைமணி நேரக் காரியம். எழும்புவார்கள், 'அப்பம் வாறேன்' என்பார்கள், வாசலில் நின்று இன்னொரு கதை சொல்வார்கள், தெருவிலிருந்து திரும்பி 'வாறேன் கேட்டியா' என்பார்கள். சொல்லாமல் இறங்கிப் போவது ஒரே இடத்தில்தான். இழவு வீட்டில். அங்கே வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். அதனால் பேச்சை அறுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போவார்கள். போய் நேராகத் தலைமுழுகுவார்கள்.

மூன்றாம் நாள் ஆதிராவுக்கு இது உறைத்தது. நாலாம் நாள் சன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வந்துவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரி, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே தன் வீட்டு முற்றத்துக் குழாயடியில் குந்தி, தலையில் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆதிராவின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் யார் இழவுக்கு வந்துபோகிறார்கள் என்ற கேள்வி வந்ததும் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இருந்தும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் அழகம்மை முதுகைத் தேய்த்துவிடும்போது கேட்டாள்.

"மைனி, நீங்க ஏன் போகும்போது சொல்லிட்டுப் போவ மாட்டங்கிய?"

"எங்க போறேன் நான்? பின்வீடுதானே."

"பின்வீடானாலும் இந்த வீடு கெட்டுததுக்கு முன்ன வாசல்ல நின்னு பத்து தடவ சொல்லுவிய. காலு கடுக்கும் எனக்கு."

"ஏட்டி, பெத்தவ ரொம்பப் பேசப்பிடாது. வாய்வு கேறும்."

"ஒருத்தரும் சொல்லல்ல மைனி. எம் பிள்ளையப் பாக்க வந்துட்டு ஒருத்தரும் வாறேன்னு சொல்லல்ல."

அழகம்மை ஒரு செம்பு வெள்ளத்தை அவள் தலையில் ஊற்றினாள். பேச முடியாதபடி இன்னொன்றையும் ஊற்றினாள்.

அன்றைக்குத்தான் புயல் சின்னம் குமரிக்கடலுக்கு வந்தது. மழை என்று அதைச் சொல்லக்கூடாது. வானத்தில் ஏதோ மடை பெயர்ந்துவிட்டது. கணவாய்க்காற்று மலையிலிருந்து இறங்கி வாழைகளை வரிசையாகப் படுக்கவைத்தது. நண்பகலில் கரண்ட் போயிற்று. குளம் உடைந்து நாகர்கோவில் ரோட்டை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போனதாக அனில்குமார் வந்து சொன்னான். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. சாயங்காலத்தோடு இன்வெர்ட்டரும் கண்ணை மூடியது. நாற்பத்திரண்டு பல்புகளும் அணைந்தபோது, வீடு கண்ணாடிகளின் வீடாக ஆயிற்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இருட்டு நின்று உள்ளே பார்த்தது.

ஆனந்தகிருஷ்ணன் மனம் தளரவில்லை. தளராதது மட்டுமல்ல, உள்ளூர மகிழ்ந்தான் என்றும் ஆதிராவுக்குச் சந்தேகம். ஸ்காட்லாந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டான். அங்கிருந்து கொண்டுவந்த வாசனை மெழுகுவர்த்திகளை ஏற்றினான்; கூடம் கிறிஸ்துமஸ் கேக் மணத்தது. பிறகு சீமையடுப்பின் முன் மண்டியிட்டு, புளியங்கட்டைகளை அடுக்கி, தன் வாழ்நாள் காரியத்தைத் தொடங்கினான்.

புகைபோக்கி வழியாகப் புகை மேலே போக வேண்டும் என்பது சாஸ்திரம். கணவாய்க்காற்றுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது. அது புகைபோக்கிக்குள் தலையை விட்டு, மேலே போன புகையைக் காதைப் பிடித்துக் கீழே இழுத்துவந்தது. ஆதிரா பிள்ளையை மாராப்புக்குள் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். ஆனந்தகிருஷ்ணன் இருமிக்கொண்டே "டிராஃப்ட் செட் ஆவணும்" என்றான். ஆகவில்லை. கட்டைகள் சீறின, கண்ணீர் விட்டன, பற்றவேயில்லை.

விடிந்ததும் ஆதிரா போய்ப் பார்த்தாள். கட்டைகள் பட்டைகூடக் கருகாமல், அடுக்கிய மாதிரியே கிடந்தன. அவற்றின் அடியில் ஒரு படி சாம்பல் இருந்தது. வெள்ளையாக, மாவைப்போல நைந்த சாம்பல். புளியங்கட்டைச் சாம்பல் அப்படி இருக்காது.

"மேல இருந்து விழுந்திருக்கும்" என்றான் ஆனந்தகிருஷ்ணன்.

மேலே இருந்து விழ, இதற்கு முன் அதில் என்ன எரிந்தது என்று அவள் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. இந்த ஊரில் அது கேள்விப்படாத இலக்கம். பளிங்குத் தரை காலின் சூட்டை உறிஞ்சியது. ஒரு கதவு தவறாமல் காற்று நுழைந்தது. ஆதிரா ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையை நெஞ்சில் போட்டு, மேலே இரண்டு போர்வை சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே உடம்பு நடுங்கியது. காலையிலிருந்து பால் கட்டிய காய்ச்சலின் குளிர். நடுங்குகிற நெஞ்சிலிருந்து பிள்ளைக்கு என்ன சூடு போகும்? சூடுவெள்ளத்தைக் குப்பியில் அடைத்துத் துணி சுற்றி இடுப்போரம் வைத்தாள். அரைமணியில் அது ஆறியது. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. அழவும் இல்லை.

அவள் பாதத்தைத் தொட்டாள். கிணற்றடிக் கூழாங்கல் மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சொன்ன ஒரு நிமிஷம் அதுதான். அந்த ஒரு நிமிஷத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பதினாலு கிலோமீட்டர் வெள்ளம் ஓடியது.

அவள் எதையும் யோசித்ததாக நினைவில்லை. மெத்தையைச் சுருட்டிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீமையடுப்பின் அடிச்சுவரோரம் அதை விரித்து, பிள்ளையோடு படுத்து, வெற்று முதுகைச் செங்கல்லில் ஒட்டினாள். அந்தச் சூடு இருந்தது. முன்பு தொட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அவளுடைய முதுகிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து அப்பால் போயிற்று. கால்மணி நேரத்தில் பிள்ளை தலையைத் திருப்பிப் பாலைத் தேடியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அழகம்மை கஞ்சியும் காணத்தொவையலும் கொண்டுவந்தாள். பின்கட்டில் ஆளைக் காணாமல் கூடத்து நிலைப்படி வரை வந்து, அங்கேயே நின்றாள்.

"ஏட்டி, எந்திரி அங்கேருந்து."

"பிள்ளைக்கு இப்பந்தான் காலு சூடாச்சு மைனி."

"நான் சொல்லுதேன் எந்திரி. பச்சப்பிள்ளைய வச்சுட்டுப் படுக்குத எடமா அது?"

"பின்ன எங்க படுக்க? நீங்க வந்து தொட்டுப் பாருங்க, எப்பிடி இருக்குன்னு."

"நான் தொட மாட்டேன்." கஞ்சிப் பாத்திரத்தை நிலைப்படியிலேயே வைத்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியாதா? நெசமாட்டே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அது சுடலைக் கொட்டகைக் கல்லுட்டி."

மழை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது. ஆதிரா பிள்ளையின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஊருக்குப் புதுசா பொணம் எரிக்க கேஸ் மேடை வந்துல்லா. பழைய கொட்டகைய இடிச்சுப் போட்டாவ. அந்தக் கல்ல டிராக்டர்ல ஏத்தி, பட்டப்பகல்ல, நடுத்தெரு வழியாத்தான் இங்க கொண்டு எறக்கினாவ. ஊரே வாசல்ல நின்னு பாத்துது. நீ பள்ளிக்கூடம் போயிருந்த."

"ஒருத்தரும் சொல்லல்லியே."

"யாரு சொல்லணும்? வாயத் தொறந்தா அவன் மகாராஜாவுல்லா தொடங்குதான். நடுவுல நாம எங்க பேச? அதும் போவ, தெரிஞ்சேதான் செய்யான்னு நெனச்சோம். அவனுக்க அப்பா நெனவுக்குன்னு. சீமையில சாம்பலக் குப்பியில அடச்சு அலமாரியில வைப்பாவளாமே, அது மாதிரி ஏதோ மொறையாக்கும்னு இருந்துட்டோம்."

"மாமாவையும் அங்கதானா?"

"பின்ன எங்க? கொரோனா நேரம், நீங்க ரெண்டுபேரும் வர பிளேன் கெடையாது. எங்க வீட்டு ஆளுதான் கொள்ளி வச்சாவ. ஞானதாசன் வீடியோ கால் போட்டு, செல்போன நீட்டிப் பிடிச்சுட்டு நின்னாராம். ஆனந்தன் அங்க இருந்து பாத்தான்."

மாடிப்படியில் மெழுகுவர்த்தியோடு ஆனந்தகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. மெழுகு உருகி அவன் புறங்கையில் சொட்டியது. கேக் வாசனை வந்தது. தாணப்பன் பிள்ளையின் ஒரே மகன் அவன். ஊர் முழுக்க அறிந்த விஷயத்தை அறியாதவனும் அவன் ஒருவனே. அறியாதது போகட்டும், அதைப்பற்றி இரண்டு வருஷமாக ஊருக்கே வகுப்பும் எடுத்திருக்கிறான்.

மறுநாள் காலை, அனில்குமாரை அனுப்பி ஞானதாசனைக் கூப்பிட்டான். வெள்ளத்தில் ஊர்போக முடியாமல் பக்கத்துத் தெரு வேலைத்தலத்திலேயே தங்கியிருந்தவர், கடப்பாரையைத் தோளில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் வந்தார்.

"இடியும்" என்றான் ஆனந்தகிருஷ்ணன். ஸ்வெட்டர் போட்டிருந்தும் அவன் தாடை ஆடியது. "ஒரு கல்லு மிச்சம் இருக்கப்பிடாது. என்ன தைரியத்துல கொண்டுவந்து கட்டினீரு? நான் உம்மட்ட என்ன கேட்டேன்?"

"ராஜா காலத்துக் கல்லு கேட்டிய சாரே. அந்தக் கொட்டகை ராஜா காலத்துல கட்டினதுதான். அதுல பொய் இல்ல."

"எந்தக் கட்டடம்னு சொன்னீரா?"

"எந்தக் கட்டடம்னு சார் கேக்கல்ல." ஞானதாசன் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். "வெயிலும் மழையும் தீயும் கண்ட கல்லு வேணும்னிய. அப்பம் தெரிஞ்சுதான் கேக்குதியன்னு நெனச்சேன். அன்னைக்குப் போன்ல எல்லாம் பாத்த ஆளுல்லா நீங்க."

"நான் என்னத்தப் பாத்தேன்?"

"என் கைதான் ஆடிட்டு. 'செவரையே காட்டாதீரும்வே, அப்பா முகத்தக் காட்டும்'னு சத்தம் போட்டிய. மழைச்சாரல், பொகை. நான் எங்க திருப்பினாலும் செவருதான் தெரிஞ்சுது. முக்காமணி நேரம் நீங்க பாத்தது அந்தச் செவரத்தான் சாரே. இதே செவரு."

ஆனந்தகிருஷ்ணன் சுவரைப் பார்த்தான். வருகிறவர்களுக்கெல்லாம் விரல் நீட்டிக் காட்டிய கருப்பை, முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இடியும்" என்றான் மறுபடி. இந்தத் தடவை சத்தம் இல்லை.

"இடிங்க" என்றாள் ஆதிரா. அவள் முதுகைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "அதுக்கு முன்ன இங்க வந்து இவ காலத் தொடுங்க."

அவன் வந்து குனிந்து தொட்டான்.

"எப்பிடி இருக்கு?"

"சூடாத்தான் இருக்கு."

ஆதிரா எழுந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடியே சோபாவுக்குப் போய் உட்கார்ந்தாள். சுவரிலிருந்து ஆறடி. ஞானதாசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"இப்பம் தொடுங்க."

தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இடிச்சுட்டு இவள எங்க வைக்கட்டும்? சொல்லுங்க. உங்க நாப்பத்திரண்டு பல்புல எது எரியும்? எந்தக் கம்பளத்துல சுத்தட்டும்?"

"அது சுடுகாடு ஆதிரா."

"உங்க அப்பா அதுல கெடக்காருங்க. எனக்குப் பயம் இல்லேன்னா சொல்லுதேன்? முதுகு முழுக்க மயிரு எந்திரிச்சு நிக்கு. ஆனா பிள்ள பால் குடிக்கா."

அவள் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தாள். காய்ச்சல் மறுபடி ஏறியது, கைகள் உதறின. பிள்ளை நழுவுவதுபோல் ஆயிற்று. "என்னால முடியல்ல" என்றாள். "நீங்க வாங்குங்க."

ஆனந்தகிருஷ்ணன் ஸ்வெட்டரைக் கழற்றினான். சட்டையைக் கழற்றினான். வெளுத்துப் பருத்த உடம்போடு நின்றபோது, அவனிடம் ஸ்காட்லாந்து ஒரு துளி இல்லை. அப்பனைப் பறிகொடுத்துக் கொள்ளி வைக்க வந்து நிற்கிற மகன் மாதிரி, அதற்குக் கொஞ்சம் தாமதித்துப்போன மாதிரி இருந்தான். தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் வைத்தான். வைத்ததும் உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. ஆதிரா பிள்ளையை அவன் நெஞ்சில் கவிழ்த்துப் போர்வையை மூடினாள்.

அவன் எந்த விளக்கமும் சொல்லவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அது முதல் தடவை.

வெகுநேரம் கழித்து, "ஞானதாசன்" என்றான். "கடைசியில முகம் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரிஞ்சுது சாரே. மேஞ்ச மாடு படுத்த மாதிரி, அமைதியாட்டு."

ஆனந்தகிருஷ்ணன் தலையைப் பின்னால் சாய்த்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஞானதாசன் இறங்கிப் போனார்.

அடுத்த இரண்டு நாள் அவர்கள் மாறி மாறிச் சுவரோரம் கிடந்தார்கள். அவன் எழும்பும்போது முதுகில் செங்கல் வரிசை சிவப்பாகப் பதிந்திருக்கும். தொட்டால் வலிக்கிறதா என்று கேட்டால் தலையை அசைப்பான். கண்ணாடிகளை எல்லாம் அவனே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். அவளும் எண்ணிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஆனால் சுவரை அளப்பதை நிறுத்தவில்லை. அஞ்சரை அடி, மறுநாள் காலை நாலரையாகியிருந்தது. அன்று சாயங்காலம் மூன்று. தலைப்பக்கமிருந்தும் கால்பக்கமிருந்தும் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்கும் மறுநாள் விடியும்போது ஒரு முழம் இருந்தது. மதியம், அவளுடைய உள்ளங்கை அளவு. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, இதுவும் போனால் என்ன செய்வது என்று அவள் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, கரண்ட் வரவில்லை, மழை மட்டும் சற்று ஓய்ந்திருந்தது.

அப்போதுதான் கிராமச் செவிலி ஷைஜா வந்தாள். குறைப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளைப் பார்த்துவர, காலையிலிருந்து தண்ணீருக்குள் நடந்து வருகிறாளாம். சேலை இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. உதடு நீலம். எடைத்தராசுப் பையைத் தலையில் வைத்திருந்தாள். பின்னாலேயே அழகம்மையும் வந்து, வழக்கம்போல் நிலைப்படியில் நின்றாள்.

"பிள்ள இருக்கா?" என்றாள் ஷைஜா. கேட்ட பிறகுதான் கேட்ட விதம் அவளுக்கே உறைத்தது. "இல்ல, இந்தக் குளிர்ல, அதான். மேலத்தெருவுல ஒண்ணு..."

பிள்ளையைத் துணித்தொட்டிலில் போட்டுத் தராசில் தூக்கினாள். இரண்டு கிலோ நூற்றைம்பது. நம்பாமல் மறுபடியும் தூக்கினாள்.

"எப்பிடி வச்சிருந்திய? ஹீட்டர் இருக்கா? கரண்டுதான் இல்லியே."

ஆதிரா சுவரைக் காட்டினாள். "இதுல சாஞ்சு இருந்தோம்."

ஷைஜா சுவரில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். "ஐஸு மாதிரில்லா இருக்கு."

ஆதிரா தொட்டுப் பார்த்தாள். ஆனந்தகிருஷ்ணனும் வந்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்ளங்கையை ஓட்டினான். எங்கும் ஈரக் குளிர். உள்ளங்கை அளவும் மிச்சமில்லை. அவன் நெற்றியைச் செங்கல்லில் வைத்து அப்படியே நின்றான்.

ஆதிராவின் கை பிள்ளையின் பாதத்துக்குப் பாய்ந்தது. பாதம் சுட்டது.

"காய்ச்சலா பாருங்க சிஸ்டர்."

ஷைஜா பிள்ளையை வாங்கி, அக்குளில் வெப்பமானியை வைத்தாள். காத்திருந்தாள். எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்ல. கரெக்டா இருக்கு." ஆனால் அவள் முகம் வேறெதையோ யோசித்தது. நீலம் பாரித்திருந்த உதடு மெல்லத் தன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. பல் அடிப்பது நின்றிருந்தது. நனைந்த சேலையிலிருந்து ஆவி எழும்புவதுபோல் இருந்தது.

"தாங்க" என்று ஆதிரா கையை நீட்டினாள்.

"கொஞ்சம் நேரம் இருக்கட்டும்" என்றாள் ஷைஜா, பிள்ளையை நெஞ்சோடு இன்னும் நெருக்கிக்கொண்டு. குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

பிள்ளை கண்ணைத் திறந்து யாரையும் பார்க்காமல் பார்த்தது. அழகம்மை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அருகில் வந்து, பிள்ளையைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு, தீ காய்கிறவளைப் போல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள்.